அரிப்புக்கு ஒரு ட்யூப்: தோல் அழற்சியும் நம் வீட்டுப் பழக்கங்களும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



சென்ற ஆண்டுக் கணக்கை முடிப்பதற்காக மருத்துவ உதவி பில்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். டயாலிசிஸ், பிரசவம், கண் ஆபரேஷன் என்று பிரித்து வைத்தபோது எந்தக் கட்டிலும் சேராமல் ஒரு குவியல் மிஞ்சியது. எல்லாம் மருந்துக்கடைச் சீட்டுகள். ஒவ்வொன்றும் நூறு ரூபாய், நூற்றைம்பது ரூபாய். எல்லாமே தோலில் தடவும் க்ரீம்கள். பெரும்பாலானவற்றில் டாக்டர் சீட்டு இணைக்கப்படவில்லை. ஒரே வீட்டிலிருந்து எட்டு மாதத்தில் பதினொரு சீட்டுகள் வந்திருந்தன.

அந்த வீட்டுப் பையனை எனக்குத் தெரியும். முதலில் அவனுக்கு இடுப்பில் ஒரு ரூபாய் அளவுக்குப் படை வந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே என்னிடம் காட்டினான். "இந்த ட்யூப்பைப் போடு தம்பி, எனக்கு இரண்டே நாளில் கேட்டது" என்று பெயர் சொல்லி அனுப்பியவன் நான்தான். அவனுக்கும் இரண்டு நாளில் அரிப்பு நின்றது. பிறகு திரும்ப வந்தது. திரும்பத் தடவினான். கடைசியில் தொடை, முதுகு, வயிறு என்று பரவி, அவன் தாயாருக்கும் தங்கைக்கும் ஒட்டிக்கொண்டது. தொடையில் தோல் மெலிந்து பிள்ளை பெற்றவர்களுக்கு வயிற்றில் இருப்பது போல வரிகள் விழுந்துவிட்டன. தோல் டாக்டர் அந்த ட்யூப்பை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதை யார் உனக்குக் கொடுத்தது?" என்று கேட்டாராம். அவன் என் பெயரைச் சொல்லவில்லை. அதுதான் என்னை அதிகம் சுட்டது.

மருத்துவம் அறியாதவர் மருத்துவம் பார்த்துத் தீங்கு நேர்ந்தால் அவரே அதற்குப் பொறுப்பு என்ற கருத்தில் ஒரு ஹதீஸ் அபூதாவூதில் வருகிறது. மதரஸாவில் அதை ஓதியவன் நான். ஓதியது வேலைக்கு ஆகாமல் போயிற்று. அந்தத் தவற்றுக்குப் பரிகாரமாகவே இந்தப் பாடத்தை எழுதுகிறேன். பிழைகளை அல்லாஹ் மன்னிப்பானாக.

அழற்சி என்றால் என்ன?

நம் உடம்பிலேயே பெரிய உறுப்பு தோல்தான். வளர்ந்த ஒருவரின் தோலை விரித்தால் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் வரும். மேல்தோல் சுமார் நான்கு வாரத்துக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. அடியில் பிறக்கும் செல்கள் மெல்ல மேலே வந்து, காய்ந்து, கண்ணுக்குத் தெரியாமல் உதிர்கின்றன. அந்தக் காய்ந்த மேலடுக்கும் அதன் எண்ணெய்ப் பசையும்தான் நம் கோட்டைச் சுவர். உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடாது. வெளியே இருக்கும் கிருமியை உள்ளே விடாது.

அந்தச் சுவரில் கீறல் விழுந்தாலோ, கிருமியோ ஒவ்வாத பொருளோ நுழைந்தாலோ, தோலில் காவல் இருக்கும் செல்கள் ஹிஸ்டமின் முதலான வேதிப்பொருள்களை வெளியிடுகின்றன. இரத்தக் குழாய்கள் விரிகின்றன. வெள்ளணுக்கள் அந்த இடத்துக்கு ஓடி வருகின்றன. அதனால் சிவப்பு, சூடு, வீக்கம், வலி அல்லது அரிப்பு உண்டாகிறது. இதற்குப் பெயர்தான் அழற்சி.

ஆக, அழற்சி என்பது நோய் அல்ல. நோயை எதிர்க்க உடம்பு நடத்தும் போர். போர் வேளையோடு முடிந்தால் புண் ஆறும். முடியாமல் இழுத்துக்கொண்டே போனாலோ, எதிரியே இல்லாத இடத்தில் நடந்தாலோதான் அழற்சியே நோயாகிறது.

நம்மைப் போன்ற மாநிறக்காரர்களுக்கும் கறுப்பு நிறக்காரர்களுக்கும் ஒரு விஷயம் முக்கியம். வெள்ளைத் தோலில் தெரிவது போலச் சிவப்பு நம் தோலில் தெளிவாகத் தெரியாது. கருஞ்சிவப்பாக, பழுப்பாக, சில வேளை சாம்பல் நிறமாகத் தெரியும். அழற்சி அடங்கிய பிறகும் அந்த இடம் மாதக்கணக்கில் கறுத்தே இருக்கும். பரு போன இடத்தில் நிற்கும் கரும்புள்ளி அதுதான். அது அழுக்கு அல்ல, தேய்த்தால் போகாது. தேய்க்கத் தேய்க்க இன்னும் கறுக்கும். இது புரியாததால்தான் நம் பெண்பிள்ளைகள் வெளுப்பு க்ரீமின் பக்கம் போகிறார்கள். அதைப் பின்னால் பார்ப்போம்.

நம் ஊரில் அதிகம் காணும் நான்கு

தேவனாம்பட்டினத்தில் வியர்வை காய்வதே கடினம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கெடிலம். கோடையில் புழுக்கம், ஐப்பசி கார்த்திகையில் வீட்டு வாசல் வரை தண்ணீர். நம் தோல் நோய்களில் பாதி இந்த ஈரத்திலிருந்து வருகிறது.

முதலாவது படர்தாமரை. உடம்பில் வளையமாக வரும். ஓரம் தடித்திருக்கும், நடு வெளுத்திருக்கும். இது பூஞ்சைத் தொற்று. துண்டு, கைலி, படுக்கை வழியாக ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகும். மழைக்காலத்தில் கால்விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண்ணிலும் பெரும்பாலும் இதே இனத்துப் பூஞ்சை இருக்கும்.

இரண்டாவது கரப்பான். தோல் சுவர் பிறவியிலேயே பலவீனமாக உள்ள பிள்ளைகளுக்கு முழங்கை மடிப்பிலும் முழங்கால் பின்புறத்திலும் வறண்டு, அரித்து, நீர் வடியும். இந்தப் பிள்ளைகளுக்கு அல்லது அவர்கள் குடும்பத்தில் யாருக்காவது இளைப்போ அடுக்குத் தும்மலோ இருப்பது வழக்கம். இது ஒட்டாது.

மூன்றாவது ஒவ்வாமை அழற்சி. கொத்தனார் வேலை செய்பவருக்குச் சிமென்டில் உள்ள குரோமியத்தால் கை வெடிக்கும். கவரிங் தோட்டிலும் ஹிஜாப் குத்தும் ஊக்கிலும் இருக்கும் நிக்கலால் காது மடலிலும் தாடைக்குக் கீழும் அரிக்கும். பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும் வாங்கும் "கறுப்பு மருதாணி" கோனைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இலையை அரைத்த மருதாணி செம்பழுப்பாகத்தான் சிவக்கும், அதற்குப் பல மணி நேரமும் எடுக்கும். சில நிமிடங்களில் கன்னங்கரேலென்று பிடித்தால், தலைச்சாயத்தில் சேர்க்கும் பி.பி.டி. என்ற ரசாயனம் அதில் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அதனால் கையில் கொப்புளம் எழும்பிய குழந்தைக்கு, பெரியவரான பிறகும் தலைச்சாயம் வாழ்நாள் முழுக்க ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

நான்காவது சொரியாசிஸ். நான்கு வாரத்தில் நடக்க வேண்டிய தோல் புதுப்பிப்பு சில நாட்களிலேயே நடந்து, வெள்ளிச் செதில் போல அடுக்கடுக்காகச் சேரும். உடலின் எதிர்ப்பு சக்தி தன் தோலையே தாக்குவதால் வருவது இது. தொட்டால் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. உலக சுகாதார மாநாடு 2014-ல் இதற்கென்றே ஒரு தீர்மானம் நிறைவேற்றி, நோயின் வேதனையோடு மக்கள் ஒதுக்குவதும் நோயாளிகளை வதைக்கிறது என்பதை நாடுகளின் கவனத்துக்குக் கொண்டு வந்தது. நம் மஹல்லாவிலேயே, ஜும்ஆ முடிந்து முஸாஃபஹா செய்யும்போது சிலரைக் கண்டால் கையை இழுத்துக்கொள்கிறோம். அந்தச் சகோதரர் கடைசி ஸஃப்பில் நின்று தொழுதுவிட்டு முதல் ஆளாக வெளியேறுவதை நான் பார்த்திருக்கிறேன். இந்தப் பாவத்தில் நாம் எல்லோரும் பங்காளிகள்.

ட்யூப்பின் கதை

ஸ்டீராய்டு மருந்து சாதாரணமானது அல்ல. கார்ட்டிசோன் ஆராய்ச்சிக்காகக் கெண்டல், ரைக்ஸ்டீன், ஹெஞ்ச் ஆகிய மூவருக்கு 1950-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1952-ல் அதே குடும்பத்தைச் சேர்ந்த ஹைட்ரோகார்ட்டிசோனைத் தோலில் தடவிப் பார்த்து அமெரிக்க மருத்துவர்கள் பலன் கண்டார்கள். கரப்பானும் சொரியாசிஸும் உள்ள கோடிக்கணக்கானோர் அதனால் இன்றும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். டாக்டர் சொன்ன இடத்தில், சொன்ன அளவில், சொன்ன நாள் வரை தடவினால் அது அல்லாஹ்வின் அருட்கொடை.

படர்தாமரையில் தடவும்போதுதான் அது வினையாகிறது. ஸ்டீராய்டு அழற்சியை அடக்கும், பூஞ்சையைக் கொல்லாது. அழற்சி அடங்குவதால் அரிப்பு நிற்கும், சிவப்பு குறையும், குணமாகிவிட்டது என்று தோன்றும். திருடன் வீட்டுக்குள் இருக்கும்போது குரைக்கிற நாயைக் கட்டிப்போட்ட கதைதான். சத்தம் நின்றுவிட்டது, திருடனுக்கு வேலை சுலபமாகிவிட்டது. வளையம் கலைந்து, ஓரம் மங்கி, டாக்டருக்கே அடையாளம் தெரியாத உருவத்தில் பரவும். இப்படி உருமாறிய படைக்கு 1968-லேயே மருத்துவ நூல்களில் தனிப் பெயர் வைத்துவிட்டார்கள்.

இந்தியக் கடைகளில் இன்னொரு பிரச்சினை. பூஞ்சை மருந்து ஒன்று, பாக்டீரியா மருந்து ஒன்று, வீரியமான ஸ்டீராய்டு ஒன்று, மூன்றையும் ஒரே ட்யூப்பில் கலந்து விற்கிறார்கள். என்ன நோய் என்று தெரியாவிட்டாலும் ஏதாவது ஒன்று கேட்கும் என்ற கணக்கு. முன்பு தோலில் தடவும் மருந்துகளுக்குச் சட்டத்திலேயே ஒரு விலக்கு இருந்ததால் இவற்றைச் சீட்டு இல்லாமல் விற்க முடிந்தது. தோல் மருத்துவர்களின் சங்கம் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 2018 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் 14 வகை ஸ்டீராய்டு தடவு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அறிவித்தது. சட்டம் வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும், நம் டிரஸ்ட் அலுவலகத்தில் சீட்டில்லாத பில்கள் குவிந்துதான் கிடந்தன. வாங்கியவர் நாம், அதற்குப் பணம் கொடுத்ததும் நாம்.

இதன் விளைவு நம் வீட்டோடு நிற்கவில்லை. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக இந்தியாவில் வழக்கமான மருந்துக்கு அடங்காத படர்தாமரை பெருகிவிட்டது. ஸ்டீராய்டு கலந்த ட்யூப்புகளின் தாராளப் புழக்கம் இதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று என்று தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். 2020-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்தப் பூஞ்சையைத் தனி இனமாகப் பிரித்து டிரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே என்று பெயரிட்டார்கள். பெயருக்குள்ளேயே இந்தியா இருக்கிறது. டெர்பினஃபைன் என்ற, முன்பு நன்றாகக் கேட்ட மருந்து இதில் பலருக்கும் கேட்பதில்லை. 2023 மே மாதம் நியூயார்க்கில் இரண்டு பெண்களுக்கு இந்தப் படை இருப்பதாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது.

முகத்தில் தடவுபவர்களுக்குத் தண்டனை வேறு விதம். முதல் சில வாரம் முகம் பளபளக்கும். பிறகு தோல் மெலியும், பரு கிளம்பும், சின்ன இரத்தக் குழாய்கள் கோடுகோடாகத் தெரியும், பெண்பிள்ளைகளுக்கு முகத்தில் முடி வளரும். நிறுத்தினால் முகம் நெருப்பாக எரியும். எரிச்சல் தாங்காமல் மறுபடி தடவுவார்கள். மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருகிறார்கள் என்று தொடங்கியது பல வருடங்கள் தொடரும்.

பாதரசம்

சபுரிலிருந்து வருகிறவர்கள் பெட்டியில் வாசனைப் பொருள்களோடு வெளுப்பு க்ரீமும் கொண்டு வருகிறார்கள். பெயர் தெரியாத கம்பெனி, அட்டையில் என்னென்ன கலந்திருக்கிறது என்பதே இல்லை. இத்தகைய க்ரீம்கள் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. பாதரசம் தோலின் நிறமியைத் தடுக்கும். தோல் வழியே இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் உள்ள ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக வடிகட்டி நோயோடு வந்த 22 பேரைப் பரிசோதித்தபோது, 15 பேருக்கு அரிதான ஒரு வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்பு க்ரீம் தடவியவர்கள். நம்மைப் போலவே சபுரை நம்பி வாழும் முஸ்லிம் குடும்பங்கள் நிறைந்த மாவட்டம் அது. நமக்கு எச்சரிக்கை வேறு வேண்டாம்.

நிறத்தைக் கொடுத்தவன் அல்லாஹ். கறுப்பு நிறத்தவரான பிலால் (ரலி) அவர்களைக் கஅபாவின் மேல் ஏறி பாங்கு சொல்ல வைத்த மார்க்கம் நம்முடையது. மருமகளின் நிறத்தை எடை போடும் மாமியார்களும், பெண் வெளுப்பா என்று முதல் கேள்வி கேட்கும் நம் ஆண்களும் இந்த க்ரீம் வியாபாரத்தின் கூட்டாளிகள்தான்.

வாழ்க்கை முறை எங்கே வருகிறது?

க்ரீமை நிறுத்தினால் மட்டும் போதுமா? போதாது. தோலில் தெரியும் அழற்சிக்கு உள்ளேயிருந்தும் விறகு போகிறது.

இடுப்பைச் சுற்றிச் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களை அது இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. பருமனும் புகையும் சொரியாசிஸைக் கிளறுகின்றன. அதனால்தான் சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு மூட்டு, இதயம், சர்க்கரை மூன்றையும் பரிசோதிக்கச் சொல்கிறார்கள். சர்க்கரை கூடினால் கட்டி, சேற்றுப்புண், படை எல்லாம் ஆறாமல் திரும்பத் திரும்ப வரும். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர். அதன் வாசலில் நிற்பவர்கள் 13 கோடியே 60 லட்சம் பேர்.

இளம்பெண்களின் கழுத்தைச் சுற்றி வெல்வெட் துணி போலத் தடித்துக் கறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். தாய்மார்கள் "ஒழுங்காகக் குளிப்பதில்லை" என்று திட்டி, பீர்க்கங்கூடு போட்டுத் தேய்க்கிறார்கள். பெரும்பாலும் அது அழுக்கே அல்ல. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம். அந்தப் பிள்ளைக்குத் தேவை இரத்தப் பரிசோதனையும் எடைக் குறைப்பும்தான்.

நம் வீடுகளைப் பாருங்கள். காலையிலிருந்து இரவு வரை ஐந்து முறை சர்க்கரை டீ. இரவு பத்து மணிக்குப் பரோட்டா. ரமலானில் பகல் முழுக்க நோன்பிருந்துவிட்டு, இஃப்தாரில் வடை, சமோசா, சர்பத். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தி திர்மிதியில் உள்ளது. பயான்களில் கேட்டுக் கேட்டு நமக்குப் பழகிவிட்டது, தட்டில்தான் வரவில்லை. ஃபஜ்ர் தொழுதுவிட்டு வெள்ளிக் கடற்கரையில் அரைமணி நேரம் நடப்பதற்கு நமக்குக் கட்டணம் இல்லை. வெளியூர்க்காரர்கள் பஸ் ஏறி வரும் இடம் நமக்கு வாசலில் இருக்கிறது.

உணவு பற்றி இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். "கரப்பான் பண்டம்" என்று சொல்லி, அரிப்பு வந்த பிள்ளைக்கு மீன், இறால், முட்டை, கத்திரிக்காய் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறோம். சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பு தடித்து, உதடு வீங்கினால் அந்த உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று சந்தேகிக்கலாம். உடனே டாக்டரைப் பாருங்கள். மூச்சு முட்டினால் நேராக அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். அப்படி எதுவும் இல்லாமல், யாரோ சொன்னார்கள் என்று மீனூரில் பிறந்த பிள்ளைக்கு மீனை நிறுத்துவது சத்துக் குறைவில்தான் முடியும்.

தூக்கமும் கவலையும் கணக்கில் வரும். இரவு இரண்டு மணி வரை போன் பார்க்கும் பிள்ளைக்குப் பரு ஆறுவது தாமதமாகும். கடன் நெருக்கடி வந்த மாதம் சொரியாசிஸ் கிளம்புவதை அந்த நோய் உள்ளவர்களே சொல்வார்கள். அரிப்பு தூக்கத்தைக் கெடுக்கும், கெட்ட தூக்கம் அரிப்பைக் கூட்டும்.

மார்க்கம் காட்டும் வழி

"அரிப்புதானே" என்று நாம் அலட்சியமாகச் சொல்கிறோம். நபி (ஸல்) அவர்கள் அப்படிச் சொல்லவில்லை. அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி), ஸுபைர் (ரலி) ஆகிய இருவருக்கும் அரிப்பு இருந்ததால் பட்டுச் சட்டை அணிய அனுமதி கொடுத்தார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிப்பது புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. ஆண்களுக்கு விலக்கப்பட்ட பட்டையே அரிப்புக்காகச் சலுகையாக்கினார்கள் என்றால், அந்த வேதனையை எவ்வளவு மதித்தார்கள்!

இன்னொரு சம்பவம். பயணத்தில் தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்பு கடமையானது. தயம்மும் செய்யலாமா என்று தோழர்களைக் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது கூடாது என்றார்கள். குளித்தார், இறந்துபோனார். செய்தி கேட்ட நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். தெரியாதென்றால் கேட்டிருக்க வேண்டும், அறியாமைக்கு மருந்து கேட்பதுதான் என்ற பொருளில் சொன்னார்கள். அபூதாவூதில் ஜாபிர் (ரலி) அறிவிப்பது இது. என் தவறும் அவர்கள் தவறைப் போன்றதே: தெரியாமல் தீர்ப்புச் சொன்னது.

ஆகவே, தண்ணீர் பட்டால் புண் கெடும் என்று டாக்டர் சொன்னால், வீம்புக்கு உளூச் செய்யாதீர்கள். உங்கள் மத்ஹபுப்படி எப்படிச் செய்வது என்று இமாமிடம் கேளுங்கள். தோலில் ஊறிவிடும் மருந்து உளூவுக்குத் தடையாகாது. கெட்டியாகப் படிந்து தண்ணீரைத் தடுக்கும் களிம்பு என்றால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நோன்பு வைத்துக்கொண்டு தோலில் மருந்து தடவலாம், நோன்பு முறியாது.

உளூவில் கால்விரல்களைக் கோதிக் கழுவுவது சுன்னத். கோதிக் கழுவிய பிறகு இடுக்கைத் துடைத்து உலர்த்துங்கள். ஈரக்காலோடு செருப்பில் நுழைப்பதில்தான் சேற்றுப்புண் வளர்கிறது. பள்ளிவாசல் ஹவுள் பக்கம் தொங்கும் பொதுத் துண்டையும், கூடையில் கிடக்கும் பொதுத் தொப்பியையும் தவிர்த்து, ஆளுக்கொரு கைக்குட்டையும் தொப்பியும் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. ஆளுக்கொரு துண்டு, ஆளுக்கொரு சோப்பு. படை உள்ளவரின் கைலி, உள்ளாடை, போர்வையைத் தனியாக வெந்நீரில் துவைத்து, உட்புறம் வெளியே தெரிய வெயிலில் காயவையுங்கள். மழைக்காலத்தில் இஸ்திரி போடுங்கள்.

2. வீட்டில் எத்தனை பேருக்குப் படை இருக்கிறதோ அத்தனை பேரும் ஒரே நேரத்தில் டாக்டரைப் பாருங்கள். ஒருவரை விட்டால் அவரிடமிருந்து எல்லோருக்கும் திரும்ப வரும்.

3. அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்தாதீர்கள். பூஞ்சை மருந்து பல வாரம் தேவைப்படும். டாக்டர் சொன்ன கடைசி நாள் வரை போடுங்கள்.

4. டாக்டர் ஸ்டீராய்டு எழுதிக் கொடுத்தால் பயப்படாதீர்கள், அளவைக் கேளுங்கள். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். அது இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும்.

5. வீட்டில் உள்ள ட்யூப்பின் அட்டையைப் படித்த பிள்ளைகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். குளோபெட்டாசால், பீட்டாமெதாசோன், பெக்ளோமெதாசோன், மொமெட்டாசோன், ஃப்ளூசினோலோன் என்ற பெயர்களில் ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. ஆனால் நெடுநாளாகத் தடவுபவர்கள், குறிப்பாக முகத்தில் தடவுபவர்கள், டாக்டரைக் கேட்டுப் படிப்படியாக நிறுத்துங்கள்.

6. கரப்பான் உள்ள பிள்ளையை அதிகச் சூடில்லாத தண்ணீரில் சீக்கிரம் குளிக்க வைத்து, ஈரம் முழுதும் காயும் முன் தேங்காயெண்ணெயோ ஈரப்பசை க்ரீமோ தடவுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். படர்தாமரைக்கும் பருவுக்கும் எண்ணெய் வேண்டாம்.

7. புர்காவுக்கு உள்ளே பருத்தி உடை அணியுங்கள். வியர்த்த புர்காவை ஆணியில் மாட்டி மறுநாளும் போடாதீர்கள்.

8. வெளுத்த தேமல் எதிலாவது தொட்டால் உணர்வு இல்லையென்றால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். அது தொழுநோயாக இருக்கலாம். அதற்கான கூட்டு மருந்து அரசாங்கத்தில் இலவசம். சீக்கிரம் தொடங்கினால் ஊனமில்லாமல் முழுவதும் குணமாகும்.

எங்கே போவது? மஞ்சக்குப்பத்தில் கடலூர் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. சிதம்பரம் பக்கத்தவர்களுக்கு, முன்பு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்து அரசு மருத்துவக் கல்லூரியாகிவிட்ட அண்ணாமலைநகர் மருத்துவமனை இருக்கிறது. சிக்கலான நோய்க்குப் புதுச்சேரி ஜிப்மர் எட்டும் தூரம்தான். போகும்போது இதுவரை தடவிய எல்லா ட்யூப்பையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் டாக்டருக்கு நோய் தெரியாது.

டிரஸ்ட்டின் முடிவு

நிர்வாகிகள் கூடிப் பேசி மூன்று முடிவுகள் எடுத்திருக்கிறோம். இனி டாக்டர் சீட்டு இல்லாத தோல் மருந்து பில்லுக்கு டிரஸ்ட் பணம் தராது. ஜகாத்தும் ஸதகாவும் அமானிதம். அதை நோயைப் பெருக்கும் மருந்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம் என்பதை நினைத்தால் நெஞ்சு நடுங்குகிறது. அதற்குப் பதிலாக, அரசு மருத்துவமனைக்குப் போய்வர பஸ் கட்டணமும், இரத்தச் சர்க்கரைப் பரிசோதனைச் செலவும் தேவையுள்ளவர்களுக்குத் தருவோம். மூன்றாவதாக, வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்குப் பிறகு அலுவலகத்துக்கு உங்கள் ட்யூப்புகளைக் கொண்டு வந்தால், அதில் என்ன இருக்கிறது என்று வாசித்துச் சொல்ல ஒருவர் இருப்பார். மருந்து சொல்ல மாட்டார். எங்கே போவது என்று மட்டும் சொல்வார். பெண்களுக்கு மதரஸாவில் உஸ்தாத் பீ அவர்களிடம் கொடுக்கலாம்.

அந்தப் பையனையும் அவன் குடும்பத்தையும் மூவருமாகச் சேர்த்து டாக்டரிடம் அனுப்பினோம். மூன்று மாதம் மாத்திரையும் க்ரீமும் போட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ், படை போய்விட்டது. தொடையில் விழுந்த வரிகள் மட்டும் போகவில்லை. அவை போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க பாய், நல்லதுக்குத்தானே சொன்னீங்க" என்றான். நல்லதுக்குத்தான் சொன்னேன். தெரியாமல் சொன்னேன்.

அடுத்த முறை யாராவது உங்களிடம் படையைக் காட்டி மருந்து கேட்டால், ட்யூப் பெயரைச் சொல்லாதீர்கள். "வா, டாக்டரிடம் போவோம்" என்று கூடப் போங்கள். அதற்கு அல்லாஹ்விடம் கூலி உண்டு, இன்ஷா அல்லாஹ்.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்